இதுக்கு மேல நடந்துதான் போகணும்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

உறையைப் பிரித்ததும் உன் மடியில் கொட்டியது மொத்தம் ஐந்நூறு வண்ணக் காகிதத் துணுக்குகள். பஞ்சிங் மெஷினை வைத்து நானே போட்ட ஓட்டைகள். பொறுக்கி முடித்துவிட்டு மேலே படி.

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியோடு பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டிருக்கிறது. லிஃப்ட் இன்னும் ஏழாவது மாடியோடு சரி. எட்டாவது மாடிக் கதவுப் பூட்டை மாற்றித் தருவதாகக் கட்டடக்காரர் சொல்லிப் பதினோரு வருஷம் ஆகிறது. ஊர் லிஃப்டையெல்லாம் பழுது பார்க்கிற அப்பா, சொந்த வீட்டுக்கு ஒன்பதாவது மாடி வரை மூச்சிரைக்க ஏறுகிறார். ஏழில் கதவு திறந்ததும் என்னை உப்புமூட்டை தூக்கிக்கொண்டு, கண்டக்டர் குரலில் "இதுக்கு மேல நடந்துதான் போகணும்" என்பாயே, அதை இப்போது நானே சொல்லிக்கொள்கிறேன். தூக்கத்தான் ஆளில்லை.

இனி விஷயம். விதி ஒன்றின்படி இதை ஃபோனில் பேசாமல் தாளில் எழுதுகிறேன். பன்னிரண்டு வயதில் ஒரே சாயங்காலம் உனக்கு அறுபத்திரண்டு மெசேஜ் அனுப்பிச் சண்டை போட்டேன் என்பதற்காகச் சட்டமே போட்ட ஆள் நீ. 'அரைகுறையில் எந்தச் சொல்லைச் சேர்த்தாலும் எடுத்தாலும் கையால் கடிதம் எழுதி வாதாட வேண்டும். இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும்.' நாம் சாப்பாட்டு மேஜையில் செய்த புரோகிராமிங் மொழிக்கு அப்பா கேலியாக வைத்த பெயர் நிலைத்ததைப் போல, நீ கேலியாகப் போட்ட சட்டமும் நிலைத்துவிட்டது. அதில் எழுதுகிறவர்களின் குழுவில் இப்போது நாற்பத்து மூன்று பேர். எல்லாருக்கும் அரைகுறை முழுசாகத் தெரியும்.

அந்த நாற்பத்து மூன்று பேரில் முப்பத்தொரு பேர் கேட்பது ஒன்றே ஒன்று. 'திரும்பத் திரும்ப' என்று ஒரு சுற்றை ஆரம்பித்தால், அரைகுறையில் அதை நடுவில் நிறுத்த வழியில்லை. அப்பாவுக்கு ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு லிஃப்ட் உள்ள பட்டியலில் புகார் வந்த லிஃப்டைத் தேட வேண்டும். மூன்றாவதிலேயே கிடைத்துவிட்டது. ஆனாலும் இருநூற்றுப் பன்னிரண்டையும் பார்த்துவிட்டுத்தான் ஓய்ந்தது. அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு, "அதான் கெடச்சிடுச்சே, இன்னும் எதத் தேடுது?" என்றார். எனக்கு மானம் போயிற்று.

'போதும்' என்று ஒரு கட்டளை வேண்டும். சொன்னால் சுற்று அங்கேயே நிற்க வேண்டும். அவ்வளவுதான். உன் கையெழுத்து தேவை.

பதிலையும் உடம்பையும் பார்த்துக்கொள்.

உன் வாலு


ஜனவரி 20

அன்புள்ள வாலுக்கு,

நலம். அங்கே மூன்று பேரும் நலமாக இருக்க வேண்டும். துணுக்குகள் ஐந்நூறு இல்லை, நானூற்றுத் தொண்ணூற்றாறு. மீதி நாலும் கீபோர்டுக்குள் குடியேறிவிட்டன. 'அ' அழுத்தினால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். அடுத்த மேஜைக்காரர் என்னைப் பார்க்கிற பார்வை சரியில்லை.

'போதும்' வேண்டாம் என்பது என் கட்சி. காரணம் சொல்கிறேன். இன்று அரைகுறையில் ஒரு சுற்றின் முதல் வரியைப் படித்தாலே அது எத்தனை தடவை ஓடும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். பத்து என்றால் பத்து. நடுவில் 'போதும்' வந்தால், எங்கே கழன்றுகொள்ளும் என்று முழுசும் படித்துத் துழாவ வேண்டும். சொன்ன சொல் மாறாத மொழி ஒன்றாவது உலகத்தில் இருக்கட்டுமே. அப்பாவின் பட்டியலை முழுசாகத் தேடினால் என்ன நஷ்டம்? கண் சிமிட்டுகிற நேரம்.

ஆனால் நீ விடமாட்டாய் என்று தெரியும். அதனால் ஒன்று கேட்கிறேன். சேர்ப்பதானால் எப்படிச் சேர்ப்பாய்? சுற்றுக்குள் சுற்று இருந்தால் 'போதும்' எதை நிறுத்தும்? எழுதிக் காட்டு, உதாரணங்களோடு. குழுவில் எதையும் போடாதே. முதலில் எனக்கு அனுப்பு.

அம்மாவை இரண்டு தடவைக்கு மேல் இறங்கி ஏற விடாதே.

அண்ணன்


பிப்ரவரி 2

அன்புள்ள எதிர்க்கட்சித் தலைவருக்கு,

வணக்கம். ஆளுங்கட்சியில் அனைவரும் சௌக்கியம். இந்தத் தடவை உறையிலிருந்து படபடவென்று பறந்தது காகித வண்ணத்துப்பூச்சி. ரப்பர் பேண்டை முறுக்கி வைத்தது. கத்தினாயா? கத்தியிருந்தால் எந்தச் சுருதியில் என்று எழுதவும்.

நீ கேட்டபடி ஆறு பக்கம் இணைத்திருக்கிறேன். மூன்று தடவை அடித்து எழுதிய நல்ல பிரதி. சுருக்கம் இதுதான்: ஒரு 'போதும்' போட்டால் உள்சுற்று ஒன்று நிற்கும். 'போதும் போதும்' என்றால் அதற்கு வெளியே உள்ளதும் நிற்கும். எத்தனை போதுமோ அத்தனை போதும். உன் பயத்துக்கும் மருந்து வைத்திருக்கிறேன், மூன்றாம் பக்கத்தில். 'போதும்' வரப்போகிற சுற்று என்றால் அதை முதல் வரியிலேயே 'வேண்டுமானால்' என்று சொல்லிவிட வேண்டும். படிக்கிறவருக்கு முன்கூட்டியே எச்சரிக்கை. இதைக் கண்டுபிடித்த அன்றைக்குக் குளியலறையில் ஆடினேன். வழுக்கவும் செய்தது.

இன்னொரு முக்கியமான எல்லை. ஏழு 'போதும்' வரைதான். எட்டாவது போட்டால் 'இதுக்கு மேல நடந்துதான் போகணும்' என்று செய்தி வந்து நின்றுவிடும். ஏழுக்கு மேல் போனால் மெமரி சூடாகிவிடும் என்பது தீவிர ஆராய்ச்சியின் முடிவு. ஆராய்ச்சிக்கூடம் எங்கே இருக்கிறது, எத்தனையாவது மாடியில் நிற்கும் என்பது உனக்குத் தெரியும்.

சிரித்து முடித்ததும் கையெழுத்துப் போடவும். தேதியும் போடவும். இடது கைப் பெருவிரல் ரேகை விருப்பத்துக்கு உட்பட்டது.

வாலு


மார்ச் 28

அன்புள்ள தங்கைக்கு,

நலம். உங்கள் எல்லோர் நலமும் அறிய ஆவல்.

ஆறு பக்கமும் கிடைத்தது. பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். இங்கே வேலை அதிகம். என்னை ஜன்னல் ஓரத்து மேஜைக்கு மாற்றியிருக்கிறார்கள். கீழே பார்த்தால் பஸ் நிலையம் தெரிகிறது.

நான்காம் பக்கத்தில் உதாரணம் இரண்டு தெளிவாக இல்லை. பட்டியல் காலியாக இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லவில்லை. திருத்தி அனுப்பு. 'வேண்டுமானால்' பற்றியும் இன்னும் ஒரு பக்கம் எழுது.

என் கருத்து இன்னும் மாறவில்லை. அவசரப்படாதே. இதை யாரிடமும் காட்ட வேண்டாம்.

அம்மாவுக்கு முழங்கால் எப்படி இருக்கிறது?

அண்ணன்


ஏப்ரல் 5

அன்புள்ள ஜன்னலோரத்துக்கு,

இங்கே சுகம். அம்மாவின் முழங்காலுக்குப் பட்டை வாங்கியாயிற்று. கட்டிக்கொண்டு கிரிக்கெட் ஆட்டக்காரர் மாதிரி நடக்கிறார்.

கடிதத்தின் நடுவில் உள்ள மைக் கறை கறை இல்லை. கறுப்புத் தாளில் வெட்டி ஒட்டியது. துடைத்துப் பார்த்திருப்பாய்.

உனக்கு உடம்பு சரியில்லையா? உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். எங்கேயும் சிரிப்பு இல்லை. 'மன்னிக்கவும்' என்று எழுதியிருக்கிறாய். என்னிடமா? என் பொம்மையைக் குக்கரில் வேகவைத்தபோதுகூட நீ அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. ஏழு என்ற எல்லையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வண்ணத்துப்பூச்சியைப் பற்றியும் இல்லை. அங்கே யாராவது உன்னைத் திட்டுகிறார்களா? திட்டினால் முகவரி அனுப்பு. உறை அனுப்புகிறேன்.

உதாரணம் இரண்டைத் திருத்தியிருக்கிறேன். அப்பாவின் பட்டியலையே வைத்துவிட்டேன். அப்பாவும் உட்கார்ந்து உதவி செய்தார். காலிப் பட்டியலைப் பற்றிக் கேட்டேன். "ஒரு லிஃப்டும் ரிப்பேர் இல்லேன்னா அன்னிக்கு எனக்கு லீவு, அதையே போடு" என்றார். போட்டுவிட்டேன்: 'இன்று விடுமுறை.' 'வேண்டுமானால்' பற்றி இரண்டு பக்கம்.

குழுவில் எனக்கு நல்ல பெயர் இல்லை. கணக்கு டீச்சர் ஒருத்தர், அவர் வகுப்பில் அரைகுறையைச் சொல்லிக்கொடுக்கிறவர், "ஒரு வார்த்தையச் சேர்க்க மூணு மாசமா? உங்க அண்ணன் என்ன பஞ்சாங்கம் பாக்குறாரா?" என்று எழுதினார். "அவர் காரணமில்லாம வேண்டாம்னு சொல்ல மாட்டார்" என்று பதில் போட்டேன். என் வாழ்நாளில் உன்னை 'அவர்' என்றது அதுதான் முதல் தடவை. சட்டம் போட்டு வைத்துக்கொள்.

வாலு


மே 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம், பரீட்சை நலமில்லை.

ஆறு வாரமாகப் பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு பதினொரு நிமிஷம் பேசினாய். நான் ஓடி வந்து ஃபோனை வாங்கியதும் "சரியா கேக்கல, அப்புறம் கூப்பிடறேன்" என்றாய். எனக்கு நன்றாகக் கேட்டது. பஸ் ஹாரன்கூடக் கேட்டது.

எட்டுப் பக்கமும் வந்து சேர்ந்ததா என்று மட்டும் எழுது. இதோடு உள்ள வெற்றுத் தாளை இஸ்திரிப் பெட்டியில் சூடு காட்டினால் எழுத்து தெரியும். எலுமிச்சைச் சாறு. தொந்தரவு என்றால் காட்ட வேண்டாம். 'பதில் போடு' என்றுதான் எழுதியிருக்கிறேன்.

வாலு


ஜூன் 11

அன்புள்ள தங்கைக்கு,

நலம். பரீட்சை நன்றாக எழுதியிருப்பாய்.

எல்லாப் பக்கமும் வந்தன. நிதானமாகப் படித்தேன். நன்றாக யோசித்திருக்கிறாய். ஆனாலும் என் கையெழுத்து கிடையாது. இதுவே என் கடைசி முடிவு. அரைகுறை அரைகுறையாக இருப்பதுதான் அதன் அழகு. குழுவிலும் அப்படியே சொல்லிவிடு. வேண்டியவர்கள் வேறு மொழிக்குப் போகட்டும்.

தனிப் பார்சலில் உனக்கு ஒரு கீபோர்டு அனுப்பியிருக்கிறேன். நல்ல ரகம். விளக்கு எரியும்.

அப்பா, அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அண்ணன்


ஜூன் 18

அன்புள்ள அண்ணாவுக்கு,

அனைவரும் நலம். கீபோர்டு வந்தது. விளக்கு ஏழு நிறத்தில் எரிகிறது. எட்டாவது நிறம் வேண்டுமென்றால் நடந்துதான் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். அம்மா கண்டுபிடித்து, "என்னடி, மூஞ்சி சுண்டிப்போயிருக்கு?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். பிறகு உன் முதல் கடிதத்தைத் திரும்பப் படித்தேன். சொன்ன சொல் மாறாத மொழி ஒன்றாவது இருக்கட்டும் என்று எழுதியிருந்தாயே, அந்த வரி. நீ சொல்வது சரியாகத்தான் இருக்கும்.

குழுவில் 'போதும்' வராது என்று அறிவித்துவிட்டேன். ஒன்பது பேர் அன்றைக்கே விலகினார்கள். கணக்கு டீச்சரும் போய்விட்டார். பரவாயில்லை. கையெழுத்து இரண்டு என்றால் இரண்டுதான்.

இந்த உறையில் இருப்பது தும்மல் பொடி இல்லை, மிளகு. சத்தியமாக மிளகு.

உன் வாலு


செப்டம்பர் 14

அண்ணா,

எல்லாரும் நலம். நலம் விசாரிப்பது ஒரு வரிதான், அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போன செவ்வாய்க்கிழமை ஆறு நீலப் பெட்டிகள் வந்தன. புரோகிராமிங் கற்றுக்கொடுக்கிற பாடப் பெட்டி. மேலே 'முழுமை' என்று மொழியின் பெயர். அரைகுறைக்கு அண்ணன் போலிருக்கிறது என்று பக்கத்துப் பெண்ணிடம் சொல்லிச் சிரித்தேன். கம்ப்யூட்டர் டீச்சர் திறந்து காட்டினார். 'திரும்பத் திரும்ப' இருந்தது. குழுவில் யாரோ நம்முடையதைப் பார்த்துச் செய்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். பெருமையாகக்கூட இருந்தது. பிறகு 'வேண்டுமானால்' இருந்தது. அதை நான் குழுவில் யாருக்கும் காட்டவில்லை. காட்டாதே என்று நீ சொல்லியிருந்தாய்.

சுற்றுக்குள் சுற்றாக எட்டு போட்டு, எட்டு 'போதும்' அடித்தேன்.

'இதற்கு மேல் நடந்துதான் செல்ல வேண்டும்' என்று வந்தது.

முதலில் சிரித்துவிட்டேன், அண்ணா. அதுதான் உண்மை. நம் வீட்டு ஜோக் இவ்வளவு தூரம் வந்திருக்கிறதே என்று. வகுப்பே திரும்பிப் பார்த்தது. சிரித்து முடிப்பதற்குள் புரிந்துவிட்டது. 'போகணும்' என்பதைச் 'செல்ல வேண்டும்' ஆக்கிச் சட்டை மாட்டி விட்டிருக்கிறீர்கள். டீச்சர் என் பக்கத்தில் வந்து, "அது ஒரு லிமிட்டும்மா. ஏழுக்கு மேல போனா மெமரி சூடாயிடும். புக்லயே போட்டிருக்கு" என்றார். நான் எழுதின பொய்யை எனக்கே பாடம் நடத்தினார். தலையை ஆட்டினேன்.

புத்தகத்தில் நாற்பத்தொன்றாம் பக்கம், உதாரணம் இரண்டு. இருநூற்றுப் பன்னிரண்டு லிஃப்ட். மூன்றாவதில் கிடைக்கிறது. பட்டியல் காலி என்றால் 'இன்று விடுமுறை'. கடைசிப் பக்கத்தில் 'மொழியை உருவாக்கியவர்' என்று உன் பெயர் இருக்கிறது. கீழே அச்சடித்த ஊரின் முகவரி இருக்கிறது. நடுவில் ஒரு பெயர் வைக்கிற அளவுக்கு இடமும் இருக்கிறது. அளந்து பார்த்தேன்.

ஒரே கேள்வி. ஜனவரியில் 'சேர்ப்பதானால் எப்படிச் சேர்ப்பாய்' என்று கேட்டாயே, அப்போதே இது தெரியுமா?

தங்கை


அக்டோபர் 6

அன்புள்ள வாலுக்கு,

நீ நலமாக இல்லை என்று தெரியும். அதனால் கேட்கவில்லை.

ஜனவரியில் முழுசாகத் தெரியாது. இங்கே எங்கள் அலுவலகத்தில் பாடப் பெட்டிக்கு ஒரு மொழி தேடிக்கொண்டிருந்தார்கள். அரைகுறையைக் காட்டினேன். பிடித்திருந்தது, நடுவில் நிறுத்தும் வசதி இருந்தால்தான் எடுப்போம் என்றார்கள். அந்த வாரம்தான் உன் கடிதம் வந்தது. நீ என்னைவிட நன்றாகச் செய்வாய் என்று தெரியும். அதனால் கேட்டேன். பிறகு, உரிமை ஒரே ஆளிடம் இருக்க வேண்டும் என்றார்கள். இரண்டு கையெழுத்து விதியைச் சொன்னபோது அறையில் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அரைகுறையில் அந்த வசதி வந்துவிட்டால் எங்கள் பெட்டிக்குத் தனி மதிப்பு இருக்காது. அதனால் வேண்டாம் என்று எழுதிக்கொண்டே இருந்தேன். உனக்குப் பதினாறு வயது. பெட்டி வெளிவந்ததும் நேரில் வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். ஒவ்வொரு கடிதத்திலும் இதை ஒரு பத்தி எழுதிக் கிழித்திருக்கிறேன். நம்ப மாட்டாய்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஏழு ஏன் என்று ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். மெமரி சூடாகும் என்றேன். பொய் சொல்கிறோம் என்று நினைத்துச் சொல்லவில்லை. உன் பக்கத்தில் இருந்ததை அப்படியே சொன்னேன். லிஃப்ட் எனக்கு ஞாபகம் வரவில்லை. உன் செப்டம்பர் கடிதத்தைப் படித்த பிறகுதான் வந்தது.

அடுத்த பதிப்பில் நன்றி சொல்லும் பக்கத்தில் உன் பெயரைப் போடச் சொல்லியிருக்கிறேன். அப்பாவிடம் இப்போதைக்குச் சொல்லாதே. நானே வந்து சொல்கிறேன்.

அண்ணன்


அக்டோபர் 15

அண்ணாவுக்கு,

அப்பாவிடம் நான் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் புத்தகத்தை வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். மேஜைமேல் இருந்ததை அப்பா எடுத்துப் புரட்டினார். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் நின்று, "இது நம்ம லிஸ்ட்டாச்சே" என்றார். முகமெல்லாம் சந்தோஷம். "என் லீவக்கூட போட்டிருக்காங்க பாரு" என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். கடைசிப் பக்கத்தில் உன் பெயரைப் படித்தார். விரலை வைத்துக்கொண்டு, "உன் பேர் எங்கம்மா?" என்றார்.

வேறு எங்காவது போட்டிருப்பார்கள் என்று அட்டையைப் பார்த்தார். முதல் பக்கத்திலிருந்து தேடினார். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாக, நூற்றெண்பது பக்கமும். நடுவில் நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முடித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தார். அப்புறம் சாப்பிட உட்கார்ந்தார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. உன் வரவுக்காகக் காத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். வந்து சொல்.

நன்றிப் பக்கத்தில் என் பெயர் வேண்டாம். உங்கள் நன்றியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, வீடு சின்னது.

அரைகுறையில் 'போதும்' சேர்க்கச் சொல்லி மிச்சமிருக்கிற குழு இன்னும் கேட்கிறது. உன் கையெழுத்து இல்லாமலே சேர்த்துவிடலாம், யார் கேட்கப்போகிறார்கள் என்கிறார்கள். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். விதி ஒன்று அங்கேயே இருக்கிறது. நீ போட்டதுதான். இப்போது அதை நம்புகிற ஆள் நான் ஒருத்திதான்.

கீபோர்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். தனிப் பார்சலில் வரும்.

எட்டாவது மாடிக் கதவுப் பூட்டு போன வாரம் வந்துவிட்டது. அப்பாவே மாட்டினார். லிஃப்ட் இப்போது ஒன்பது வரை போகிறது. அம்மா ஒரே நாளில் நாலு தடவை சும்மா ஏறி இறங்கினார். ஏழில் கதவு திறப்பதில்லை. அங்கே யாரும் எதுவும் சொல்வதுமில்லை. உங்கள் பெட்டியில் மட்டும் அது ஏழாகவே இருக்கும். ஏன் என்று யாருக்கும் தெரியாது. உனக்குத் தெரியும், அதுவும் நான் சொன்னதால்.

இந்த உறையில் எதுவும் வைக்கவில்லை. பயப்படாமல் பிரிக்கலாம்.

தங்கை